ஐசியூ கதவுக்கு வெளியே நிற்கும் அப்பா அம்மாக்களுக்கு

பிளட் கேன்சருக்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளையை வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாற்றுகிறோம் என்று சொன்னதுமே அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சிஸ்டர், அப்போ கையை விரிச்சிட்டாங்களா?" சிலர் கேட்கவே மாட்டார்கள், சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகள் ஐசியூவில் ரொம்ப வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். அந்த நேரத்தில் நின்று நிதானமாகப் பதில் சொல்ல வாய்ப்பதே இல்லை, ஏனென்றால் ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு ஆக்சிஜன் மாஸ்க்கை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். யாரும் கையை விரிக்கவில்லை. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லுக்கேமியா ஏஎல்எல் என்கிற வகை, அது இன்றைக்குக் குணமாகிற நோய். வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நம் ஊரிலும் பெரிய மையங்களில் ஒழுங்காகச் சிகிச்சையை முடிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தேறி, பள்ளிக்கூடம் போய், பத்தாவது பரீட்சைக்குப் பயந்துகொண்டு இருக்கிறார்கள். அப்படித் தேறியவர்களில் எத்தனையோ பேர் நடுவில் சில நாட்கள் எங்கள் கட்டிலில் கிடந்தவர்கள். நோய் முற்றி வருகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்க்கிற பிள்ளைகளில் அநேகம் பேர், மருந்து வேலை செய்யும்போது உடம்பு படுகிற பாட்டைத் தாங்கிக் கடக்கத்தான் வருகிறார்கள்.

சில பிள்ளைகள் நோய் தெரிந்த அன்றைக்கே வந்துவிடுவார்கள். வெள்ளை அணு பத்தாயிரம் சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லட்சம், மூன்று லட்சம் என்று ரிப்போர்ட் வரும். ஸ்டீராய்டும் கீமோவும் ஆரம்பித்ததும், சில சமயம் ஆரம்பிக்கும் முன்பே, அந்த அணுக்கள் கொத்துக்கொத்தாக உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரிக் ஆசிட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். யூரிக் ஆசிட் கிட்னியை அடைக்கும், கால்சியம் இறங்கிப்போகும், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். டியூமர் லைசிஸ் என்று டாக்டர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். மருந்து தேவைக்கு மேல் நன்றாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சமாளிக்க, வழக்கமாக ஏற்றுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு டிரிப்ஸ் ஏற்றி, யூரிக் ஆசிட்டை அடக்க அலோபியூரினால் கொடுத்து, தேவைப்பட்டால் ராஸ்பூரிகேஸ் ஊசி போட்டு, அதற்கும் அடங்காவிட்டால் டயாலிசிஸ் வரைக்கும் போவோம். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுக்கிறார்களே, பிள்ளைக்கு இருக்கிற ரத்தமே கொஞ்சம் என்று சண்டைக்கு வரும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். எடுப்பது சில மில்லிதான் தாத்தா, அதைப் பார்க்காமல் அடுத்த பாட்டிலை மாட்ட முடியாது. ராஸ்பூரிகேஸ் போட்ட பிள்ளைக்கு யூரிக் ஆசிட் பார்க்க எடுத்த டியூபை ஐஸில் வைத்துத்தான் லேபுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் டியூபுக்குள்ளேயே மருந்து வேலை செய்து பொய்யாகக் குறைந்த ரிசல்ட் வரும். ஐஸ் பெட்டியோடு ஓடும் அட்டெண்டரைப் பார்த்து ஏதோ உறுப்பு தானம் என்று நினைத்துப் பயந்தவர்கள்கூட உண்டு.

அந்த நாட்களில் எங்கள் கண் முழுக்க யூரின் மேலேதான். சின்னப் பிள்ளை என்றால் டயப்பரைத் தராசில் வைப்போம். காய்ந்த டயப்பர் எத்தனை கிராம் என்று முன்பே குறித்திருக்கும், நனைந்ததை நிறுத்து அதைக் கழித்தால் வருகிற கிராம்தான் மில்லி கணக்கு. அதைச் சார்ட்டில் மணிவாரியாக எழுதுவோம். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. அம்மாக்கள் டயப்பரை மாற்றிக் குப்பையில் போட்டுவிட்டால் எங்களுக்கு ஒரு மணி நேரக் கணக்கே போச்சு, அதனால்தான் அந்த விஷயத்தில் கத்துகிறோம், தப்பாக நினைக்காதீர்கள்.

அப்புறம் இளநீர். உடம்புச் சூடு தணியும் என்று ஊரிலிருந்து வரும் பெரியம்மா ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்து, சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும்போது பிள்ளை வாயில் ரெண்டு மடக்கு விட்டுவிடுவார். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். எந்தப் பொட்டாசியத்தை இறக்க நாங்கள் ராத்திரி முழுக்க நிற்கிறோமோ அதையே பாசத்தோடு ஊற்றுவது. வாழைப்பழமும் அப்படித்தான். அந்த ஒரு வாரம் மட்டும் எது கொடுப்பதாக இருந்தாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டி-செல் வகை லுக்கேமியா உள்ள சில பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் கட்டி இருந்து மூச்சுக்குழாயை அழுத்தும். அவர்கள் படுக்க மாட்டார்கள், உட்கார்ந்தபடியே தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். மல்லாக்கப் படுக்க வைத்தாலோ தூங்குவதற்கு ஊசி போட்டாலோ மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருப்பதால் அவர்களுக்கு ஸ்கேன்கூட யோசித்துத்தான் எடுப்பார்கள். உங்கள் பிள்ளை கொஞ்ச நாளாகப் படுத்தால் இருமுகிறான், உட்கார்ந்தே தூங்குகிறான் என்றால் அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி காய்ச்சல். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கீமோ கெட்ட அணுவோடு நல்ல வெள்ளை அணுவையும் சேர்த்துத்தான் அழிக்கும். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு 500க்குக் கீழே போய்விட்டால் பிள்ளையின் குடலில், தோலில், வாயில் சும்மா இருந்த கிருமியே ரத்தத்துக்குள் இறங்கிவிடும். எதிர்க்க ஆள் இல்லாததால் சீழ் வைக்காது, சிவக்காது, வீங்காது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். தெர்மாமீட்டரில் ஒரே தடவை 101 காட்டினாலோ, 100.4 வந்து ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலோ, அது அவசரம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே இறங்க வேண்டும் என்பதுதான் உலகம் பூராவும் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் அந்த வாசலுக்கு வருவதற்கு முன்பு கழிகிற மணி நேரங்களை யார் கணக்கு வைப்பது? கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் சிரப்பை ஊற்றுகிறார்கள், சூடு இறங்குகிறது, பிள்ளை தூங்குகிறது, சரி காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்போம் என்று முடிவெடுக்கிறார்கள், காலையில் சில்லென்ற கையும் காலுமாகப் பிள்ளை எழுந்திருக்கிறது. சூட்டைத்தான் பாராசிட்டமால் இறக்கியது. கிருமி ராத்திரி முழுக்கப் பெருகிக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் காட்டலாமே என்று போனால் அங்கே நடப்பது இன்னொரு கூத்து. நம் ஊரில் காய்ச்சல் என்றால் இடுப்பில் ஒரு ஊசி. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் பத்தாயிரம்தான் இருக்கிற பிள்ளைக்கு இடுப்புச் சதையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும், அந்தக் கட்டில் கிருமி சேரும். ஆசனவாயில் வைக்கிற மாத்திரை, எனிமா, தெர்மாமீட்டர் எதுவும் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு, 108ஐக் கூப்பிட்டு, அருகிலுள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கீமோவில் இருக்கும் பிள்ளை என்பதை முதலில் சொல்லுங்கள், நரம்பில் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கை அங்கேயே போடச் சொல்லுங்கள், அப்புறம் எங்களிடம் வாருங்கள். உங்கள் டாக்டரின் நம்பருக்கு அடித்து அங்கே இருக்கும் டாக்டரிடம் போனைக் கொடுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. முதல் மாதம் ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கலாம். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுப்பான், சோர்ந்திருப்பான், டெக்ஸா என்கிற அந்த ஸ்டீராய்டு கிளப்பும் பசியில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்கிறவன் திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பான். அதையும் காய்ச்சலாகவே எண்ணிக்கொண்டு கூட்டி வாருங்கள்.

இந்தப் பிள்ளைகள் ஏமாற்றிவிடுவார்கள். கட்டிலில் உட்கார்ந்து போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு, "சிஸ்டரக்கா, அந்த மெஷின் ஏன் கத்துது?" என்று கேட்கிற பிள்ளைக்கு நாடி நிமிஷத்துக்கு 170 ஓடும். விரல் நகத்தை அழுத்திவிட்டால் ரெண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும், நாலு நொடி வெளுத்தே இருக்கும். பாதம் ஜில்லென்று இருக்கும், உச்சந்தலை கொதிக்கும். பிரஷர் மட்டும் நன்றாகவே காட்டும், ஏனென்றால் குழந்தைகளுக்கு அது கடைசியாகத்தான் விழும், விழுந்தால் மொத்தமாக விழும். பிரஷர் நார்மல்தானே, எதற்கு ஐசியூ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விழுவதற்கு முன்பே தூக்கி வந்தால் சலைன், எந்தக் கிருமி என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர், ஆன்டிபயாடிக், சிரிஞ்ச் பம்பில் அட்ரினலின் என்று ரெண்டு மூன்று நாளில் வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். நம் ஊர்க் கிருமிகளுக்குப் பல மருந்துகள் கேட்பதில்லை. கிளெப்சியெல்லா என்கிற கிருமி கல்ச்சரில் வந்தால் சில சமயம் மெரோபெனம் என்கிற பலமான ஆன்டிபயாடிக்கே தோற்று, கடைசிக் கையிருப்பான கொலிஸ்டின் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது, அதனால் முதல் மணி நேரத்தை விட்டுவிட்டுப் பிறகு பெரிய மருந்தால் பிடித்துவிடலாம் என்ற தெம்பெல்லாம் எங்களுக்குக் கிடையாது.

நடுவில் ஒரு சங்கதி. இந்த நோய்க்கு முதல்முதலாகக் கேட்ட மருந்துகளில் ஒன்றான அமினோப்டெரினை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்த மருந்தைப் 16 குழந்தைகளுக்குக் கொடுத்து 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948இல் எழுதினார். அதே வருஷம் சுப்பாராவ் இறந்துபோனார். அவருடைய குழு செய்த மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் இன்றைக்கும் உங்கள் பிள்ளைக்கு முதுகில் போடுகிறார்கள். இன்னொரு கீமோ மருந்தான வின்கிறிஸ்டின் வருவதோ நித்தியகல்யாணிச் செடியிலிருந்து, நம் தென்மாவட்டங்களில் ஏற்றுமதிக்கென்றே அதைப் பயிரிடுகிறார்கள். 1984இல் மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ், நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மூன்றும் எம்சிபி 841 என்ற ஒரே முறையில் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இங்கே பிள்ளைகள் கணிசமாகப் பிழைக்கத் தொடங்கினார்கள். மருந்து பலமாகப் பலமாக, அந்த மருந்தைத் தாங்க வைப்பதும் பெரிய வேலையாகிவிட்டது. ஐசியூ இல்லாமல் பலமான கீமோ கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து, டாக்டர்கள் இதைவிட நாசூக்காகச் சொல்வார்கள்.

சரி, உள்ளே வந்தால் என்ன பார்ப்பீர்கள்? முதலில் மூக்கில் ஹைஃப்ளோ குழாய், அது போதாவிட்டால் இறுக்கமான மாஸ்க், அதுவும் போதாவிட்டால் வாய் வழியாக டியூப் போட்டு வென்டிலேட்டர். டியூப் போட்டால் மயக்க மருந்து ஓடும், பிள்ளை பேசாது, கண் லேசாகத் திறந்து மேலே சொருகின மாதிரி இருக்கும். கையைத் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருப்போம். இதைப் பார்த்துவிட்டு அப்பாக்கள் கொதித்துப்போவார்கள். மயக்கம் தெளிகிற நேரத்தில் பிள்ளை முதலில் செய்வது டியூபைப் பிடுங்குவதுதான், பிளேட்லெட் இல்லாத பிள்ளைக்குத் தொண்டையில் ரத்தம் வந்தால் திரும்ப டியூப் போடுவது சாமானியம் இல்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டை நானே அவிழ்த்துவிடுவேன். வாய்ப்புண்ணால் உதடு வெடித்து ரத்தம் காய்ந்து கறுப்பாக இருக்கும், அதைப் பார்த்து உள்ளுக்குள் வெடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சலைனில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஒற்றி ஒற்றி எடுப்போம், தேய்க்க மாட்டோம்.

பிளேட்லெட் பை இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். அது ரத்தமே இல்லை, ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு மாமா சத்தம் போட்டார். ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது, அறைச் சூட்டில் ஆட்டிக்கொண்டே இருக்கும் மெஷினில் வைக்க வேண்டும், அஞ்சு நாள்தான் தாங்கும், அதனால்தான் டோனர் கூட்டி வாருங்கள் என்று ஓயாமல் கேட்கிறோம். அப்பாவோ அண்ணனோ என் ரத்தத்தை எடுத்துக்கோங்க என்று கை நீட்டுவார்கள். நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றினால் அதிலிருக்கும் அணு பிள்ளையின் உடம்பையே தாக்கலாம், பின்னால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் இடைஞ்சல். உங்கள் பங்குக்கு அப்பாவின் ஆபீஸ் நண்பர்களையும் தெருப் பையன்களையும் கூட்டி வாருங்கள், அவர்கள்தான் வேண்டும்.

கீமோவை நிறுத்திவிட்டார்களே என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஒத்திப்போடுகிறார்கள், அவ்வளவுதான். தொற்று முற்றி ரத்த ஓட்டமே சரிந்து, செப்டிக் ஷாக்கில் கிடக்கும் பிள்ளைக்கு அன்றைய கீமோவைக் கொடுத்தால் பிள்ளையை இழப்போம். ஆனால் டியூமர் லைசிஸ்காரர்களுக்கு வென்டிலேட்டரில் இருக்கும்போதேகூடக் கீமோ ஓடும், ஏனென்றால் அங்கே நோயை அடக்குவதுதான் உயிர்காக்கும் சிகிச்சை. ரெண்டு கட்டிலுக்கும் ரெண்டு நியாயம். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. வார்டில் மணிக்கணக்காகச் சரிந்துகொண்டிருந்த பிள்ளையைக் கடைசி நிமிஷத்தில் எங்களிடம் கொண்டு வருவது. நாடி, மூச்சு, சுறுசுறுப்பு இவற்றுக்கெல்லாம் மார்க் போட்டு, மார்க் ஏறினால் உடனே டாக்டரைக் கூப்பிடும் முறை ஒன்று இருக்கிறது, பியூஸ் என்பார்கள். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு காகிதமும் கைக்கடிகாரமும் போதும். குவாத்தமாலாவின் குழந்தைகள் கேன்சர் ஆஸ்பத்திரியில் இதைக் கொண்டுவந்த பிறகு, திடீரென்று ஐசியூவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதுவும் பணக்கார நாடில்லை. சில இடங்களில் அம்மாவின் கவலைக்கும் அதில் மார்க் உண்டு. "இவ இப்படி இருக்க மாட்டா சிஸ்டர், என்னமோ சரியில்ல" என்று ஓர் அம்மா சொன்னால் அதை மானிட்டர் அலாரத்துக்குச் சமமாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், அப்படி மூன்று தரம் வந்து சொன்ன அம்மாவைப் 'பதட்டப் பார்ட்டி' என்று கேஸ் ஷீட் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் நான் சொல்வது, மூன்று தரம் சொல்லியும் கேட்கவில்லையென்றால் நாலாவது தரம் சத்தமாகச் சொல்லுங்கள். எங்கள் மூஞ்சி மாறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பார்வையாளர் நேரம் பற்றியும் கேட்பீர்கள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் என்று வைத்திருக்கும் ஐசியூக்கள் இன்னும் இருக்கின்றன. தொற்று வரும் என்பது காரணமாம். கையை ஒழுங்காகக் கழுவிய அம்மாவால் வருகிற தொற்றைவிட அவசரத்தில் கையைக் கழுவாத எங்களால் வருவது அதிகம். அம்மாவோ அப்பாவோ ஒருவர் உள்ளேயே இருக்கட்டும் என்பது என் கட்சி, சீனியர்களிடம் இதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன். பணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கவுண்டரில் பதிந்துவிடுங்கள், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாவற்றின் நகலையும் ஒரே பையில் வையுங்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு விஏஓ ஆபீஸ் வாசலில் அப்பா நிற்கிற நிலைமை வேண்டாம்.

எல்லாரும் திரும்பி வருவதில்லை. ரெண்டு மூன்று உறுப்புகள் சேர்ந்து செயலிழந்த பிறகு வருகிற பிள்ளைகளில் பாதியைக்கூடச் சில சமயம் காப்பாற்ற முடிவதில்லை, நோய் மறுபடி மறுபடி திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையே பெற்றோரும் டாக்டரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சை நாலு பேர் நடக்கிற வராந்தாவில் நின்றுகொண்டு நடத்தாதீர்கள் என்று டாக்டர்களைக் கேளுங்கள், ஒரு அறையும் நாற்காலியும் கேளுங்கள். சிஸ்டரும் கூட இருக்கட்டும் என்று சொல்லுங்கள், நாங்கள் வருவோம்.

திரும்பி வருகிற பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம். டியூப் எடுத்த பிறகு குரல் கரகரவென்று இருக்கும், பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும், ஆகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நிற்க வைத்தால் கால் மடங்கும், படுத்தே கிடந்ததும் காரணம், வின்கிறிஸ்டினும் காரணம், பாதம் தொங்கினால் பிசியோதெரபிஸ்ட் சின்ன ஸ்ப்ளின்ட் கொடுப்பார், அதை வலிக்கிறது என்று கழற்றிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பார்கள், தேடி எடுத்து மாட்டுங்கள். ராத்திரியில் அலறி எழுவார்கள், மெஷின் சத்தம் கேட்கிறது என்பார்கள், விளக்கை ஒன்று எரியவிட்டுப் பக்கத்திலேயே படுங்கள். வாராவாரம் கொடுக்கச் சொன்ன செப்ட்ரான் மாத்திரையை, நிமோனியா வராமல் காப்பது அதுதான், நிறுத்திவிடாதீர்கள். டெக்ஸா மறுபடி ஆரம்பித்ததும் பரோட்டா சால்னா என்று உயிரை வாங்குவார்கள். வெள்ளை அணு கவுண்ட் ஏறும் வரை ஹோட்டல் சாப்பாடு கிடையாது. வீட்டில் செய்து, சூடாகக் கொடுங்கள்.